மாரடைப்பு: வட கரேலியா மக்கள் மாற்றிக் காட்டிய கணக்கு



நமது மரண அறிவித்தல்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: "மாரடைப்பால் அகால மரணமடைந்தார்." வயதைப் பார்த்தால் நாற்பத்தெட்டு அல்லது ஐம்பத்திரண்டு என்றிருக்கும். செத்தவீட்டில் கூடுபவர்கள் பேசிக்கொள்வதும் பெரும்பாலும் ஒரேமாதிரித்தான். "முந்தாநாள்கூட வேலைக்குப் போய் வந்தவர்", "ஒரு வருத்தமும் இருந்ததில்லை", "எல்லாம் விதி, என்ன செய்கிறது?" என்பார்கள். பிறகு வீட்டுக்குப் போய், வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவோம்.

விதி என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு உண்மையில் விதி? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் தூர தேசம் எங்கும் போகத் தேவையில்லை. நோர்வேயில் வாழும் நமக்கு அயல்நாடான பின்லாந்தில், ரஷ்ய எல்லையை ஒட்டி வட கரேலியா என்றொரு மாகாணம் இருக்கிறது. ஏரிகளும் காடுகளும் நிறைந்த இடம். தலைநகர் யோயென்சூ. 1970களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பேர் வாழ்ந்தார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே இருதய நோயால் ஆண்கள் அதிகமாக இறந்த நாடு பின்லாந்து. பின்லாந்துக்குள்ளே வட கரேலியாதான் முதலிடம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்த மனிதர்கள் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் அல்லர். காட்டில் மரம் வெட்டியவர்கள், தோட்டம் செய்தவர்கள், மாடு வளர்த்தவர்கள். உறைபனியில் நாள் முழுவதும் உடல் முறிய வேலை செய்தவர்கள். "ஊரில் தோட்டம் கொத்தியவனுக்கு ஹார்ட் அற்றாக் வந்ததா?" என்று நம்மவர் கேட்பதுண்டு. வட கரேலியாவில் வந்தது. உழைப்பு இதயத்துக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் தட்டில் இருப்பதையும் விரலிடுக்கில் புகைவதையும் உழைப்பு மட்டும் ஈடுசெய்துவிடாது.

தட்டில் என்ன இருந்தது? முதலில் வெண்ணெய், பிறகு இன்னும் கொஞ்சம் வெண்ணெய். பாணில் தடிப்பாகப் பூசினார்கள், வெண்ணெயிலேயே பொரித்தார்கள். தண்ணீருக்குப் பதிலாகக் கொழுப்பு எடுக்காத பால் குடித்தார்கள். பன்றி இறைச்சி, சொசேஜ், உப்பிட்ட மீன். மரக்கறி என்பது மாடு தின்பது என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பின்லாந்து பெரிய நிலப்பரப்பை இழந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் இடம்பெயர்ந்து வந்த மக்களுக்கும் அரசு சிறு சிறு காணிகளைப் பகிர்ந்து கொடுத்தது. அவர்கள் மாடு வளர்த்தார்கள். பட்டினியைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு வெண்ணெயும் பாலும் இறைச்சியும் நல்வாழ்வின் அடையாளம். போர்க்களத்தில் பழகிய சிகரெட்டும் கூடவே வந்தது. யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்டு, பிறகு "பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடட்டும்" என்று பானை நிறையச் சமைத்த நமக்கு இந்த மனநிலை விளங்காததல்ல.

1971 ஜனவரியில் ஒரு காரியம் நடந்தது. மாகாணத்தின் பிரதிநிதிகள் ஒன்றுசேர்ந்து, "எங்கள் மக்கள் இப்படி இறந்துகொண்டிருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள்" என்று மத்திய அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். தங்கள் மாகாணத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று மறைக்கவில்லை. இந்த இடத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அடுத்த ஆண்டு, 1972இல், வட கரேலியாத் திட்டம் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் துணை நின்றது. பொறுப்பேற்றவர் பெக்கா புஸ்கா என்ற, அப்போது இருபதுகளில் இருந்த இளம் வைத்தியர்.

முதலில் அளந்து பார்த்தார்கள். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையான ஆண்களில் 52 சதவீதமானோர் புகைத்தார்கள். கொலஸ்ட்ரோலின் சராசரி 6.9 மில்லிமோல். சராசரிதான் அது! குருதி அமுக்கத்தின் சராசரி 149க்கு 92. இன்று ஒருவருக்கு இப்படி இருந்தால் வைத்தியர் கூப்பிட்டு இருத்திப் பேசுவார். அங்கே ஊரே அப்படி இருந்தது. எல்லோரும் ஒரேமாதிரி இருக்கும்போது யாருக்கும் அது நோயாகத் தெரிவதில்லை.

ஆகவே, ஆபத்தில் இருக்கும் சிலரைத் தேடிப் பிடித்து மாத்திரை கொடுப்பதால் பயனில்லை, ஊர் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மாறவேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். பெரிய வைத்தியசாலை எதுவும் கட்டவில்லை. சமையலறைக்குப் போனார்கள். பின்லாந்தில் 1899இல் தொடங்கிய மார்த்தா என்ற பெண்கள் அமைப்பு கிராமம் தோறும் இருந்தது. அந்தப் பெண்களைக் கொண்டு "நீண்ட ஆயுள் விருந்து" என்ற பெயரில் மாலைக் கூட்டங்களை நடத்தினார்கள். ஊருக்கே உரிய கரேலிய இறைச்சிக் குழம்பை விடச்சொல்லவில்லை. அதே குழம்பைக் கொழுப்பைக் குறைத்து, கிழங்கும் மரக்கறியும் சேர்த்துச் சமைத்து, எல்லோருக்கும் பரிமாறினார்கள். வைத்தியர் சிறிது நேரம் பேசினார். மிகுதி நேரம் சாப்பாடும் கதையும்தான். பேச்சைவிட அந்தக் குழம்புதான் வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

இவை தவிர, ஊரில் மற்றவர்கள் மதிக்கும் ஆட்களை, பெரும்பாலும் சாதாரண மனிதர்களை, தேடிப் பயிற்சி கொடுத்தார்கள். சொசேஜ் செய்பவர்களிடம் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொன்னார்கள். கிராமத்துக்குக் கிராமம் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் போட்டி வைத்தார்கள். தொலைக்காட்சியில், புகைப்பதை விட முயலும் சிலரைத் தொடர்ந்து காட்டி, நாடே பார்க்கும்படி செய்தார்கள். பாற்பண்ணைத் தொழில் சும்மா இருக்கவில்லை, கடுமையாக எதிர்த்தது. மாட்டை நம்பி வாழும் மாகாணத்தில் வெண்ணெயைக் குறை என்றால் யார்தான் கேட்பார்கள்? அதற்கும் வழி தேடினார்கள். 1980களில், பாற்பண்ணையாளர் சிலர் ஸ்ரோபெரி, கருந்திராட்சை போன்ற பெரிப் பழங்களைப் பயிரிட உதவினார்கள். அந்தக் குளிரிலும் விளையும் ஒருவகைக் கடுகுச் செடியிலிருந்து எடுக்கும் ராப்ஸ் எண்ணெய் சமையலுக்கு வந்தது. 1976இல் புகையிலைச் சட்டம் வந்தது. 1993 முதல், உப்புக் கூடிய உணவுப் பொதிகளில் அதைக் குறிப்பிடவேண்டும் என்ற விதி வந்தது. 1977 உடன் முடியவேண்டிய திட்டம் 1997 வரை தொடர்ந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். "இறப்பு வீதம்" என்ற சொல்லை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. ஓர் ஆண்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று வெறுமனே எண்ணினால், பெரிய ஊரில் கூடவும் சிறிய ஊரில் குறையவும் இருக்கும். எனவே ஒரு இலட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிடுவார்கள். முதியவர்கள் அதிகமுள்ள ஊரில் இறப்பும் அதிகமாகத் தெரியும் என்பதால் வயதையும் சரிக்கட்டிக் கொள்வார்கள். அப்படிப் பார்த்தால், 1969 முதல் 1971 வரையான காலத்தில் வட கரேலியாவில் 35 முதல் 64 வயது வரையான ஆண்கள் ஒரு இலட்சம் பேரில் ஆண்டுக்கு 672 பேர் இதயக் குருதிக்குழாய் நோயால் இறந்தார்கள். 2006இல் அது 103. அதாவது 85 சதவீதம் குறைந்துவிட்டது.

இலட்சக் கணக்கு மனதில் ஒட்டாது. நமது விழாவொன்றில் அந்த வயது ஆண்கள் முந்நூறு பேர் மண்டபத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய வட கரேலியா வீதத்தில், அடுத்த ஆண்டு அதே விழாவுக்கு வரும்போது அவர்களில் இரண்டு பேர் மாரடைப்பால் போயிருப்பார்கள். அதற்கடுத்த ஆண்டும் இரண்டு பேர். புதிய வீதத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருவர். அந்த மீதிப்பேர் பிள்ளைகளின் கலியாணத்துக்கு இருந்திருப்பார்கள்.

2007இல் மீண்டும் அளந்தபோது ஆண்களின் கொலஸ்ட்ரோல் சராசரி 5.4 ஆகவும், குருதி அமுக்கம் 138க்கு 83 ஆகவும், புகைப்போர் 31 சதவீதமாகவும் இறங்கியிருந்தன. தொடக்கத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பாணில் வெண்ணெய் பூசியிருந்தார்கள். பின்னர் அது பத்தில் ஒருவரிலும் குறைந்துவிட்டது. எல்லாமே வெற்றி என்று சொல்லமுடியாது. பெண்களில் புகைப்போர் 10 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறினார்கள். 2007க்குப் பின் கொழுப்பு கூடிய, மாச்சத்துக் குறைந்த உணவு நாகரிகமாகி, 2012 அளவீட்டில் கொலஸ்ட்ரோல் மறுபடியும் சற்று ஏறியது. வென்ற காரியம் என்று கையைக் கழுவிவிட முடியாது போலும்.

ஒரு நியாயமான சந்தேகமும் உண்டு. ஒப்பிடுவதற்காகத் தெரிவுசெய்த அயல் மாகாணமான குவோப்பியோவிலும் இறப்பு வீதம் பெரிதாகக் குறைந்தது. ஆகவே "திட்டத்தால்தான் குறைந்ததா, இல்லாவிட்டாலும் குறைந்திருக்குமா?" என்று ஆய்வாளர்கள் நீண்டகாலம் வாதாடினார்கள். செய்தி எல்லையில் நிற்காது, வானொலியும் பத்திரிகையும் அயலூருக்கும் போகும் என்பது திட்டத்தாரின் பதில். வைத்தியமும் முன்னேறியது, அதையும் மறுக்கமுடியாது. ஆனால் நாற்பது ஆண்டுத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, குறைந்த இறப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் காரணம் கொலஸ்ட்ரோல், குருதி அமுக்கம், புகைத்தல் ஆகிய மூன்றும் குறைந்ததுதான் என்று தெரியவந்தது. மிகுதி மருந்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் சேரும். திட்டத்துக்கு எவ்வளவு புகழ் கொடுப்பது என்பதை அவர்கள் வாதாடட்டும். ஒரு சமூகத்தின் மாரடைப்பு வீதம் ஒரே தலைமுறையில் மாறக்கூடியது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை.

நாம் வாழும் நோர்வேயிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1940 முதல் 1945 வரை ஜெர்மனியர் பிடியில் நாடு இருந்தபோது வெண்ணெய், இறைச்சி, பால், முட்டை எல்லாம் பங்கீட்டில் குறைந்துபோயின. மீனும் உருளைக்கிழங்கும் மரக்கறியும்தான் மிச்சம். புகையிலையும் அரிது. அந்த ஆண்டுகளில் குருதிச் சுற்றோட்ட நோய்களால் ஏற்பட்ட இறப்பு தெளிவாகக் குறைந்தது. போர் முடிந்து வெண்ணெய் திரும்பியபோது இறப்பும் திரும்பி வந்தது. 1980களில் நம்மவர் பலர் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய்ச் சேர்ந்த வடபகுதி, நாட்டிலேயே இருதய இறப்பு அதிகமாயிருந்த பகுதிகளில் ஒன்று. அதன் காரணத்தைத் தேடித்தான் 1974இல் துரொம்சோ ஆய்வு தொடங்கியது. அங்கே கோப்பி அதிகம் குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் அதிகம் என்று 1983இல் வெளியிட்டார்கள். பின்னர்தான் குற்றவாளி கோப்பி அல்ல, கோப்பித்தூளைக் கொதிக்கவிட்டு வடிக்காமல் குடிக்கும் முறை என்று தெரிந்தது. தூளிலுள்ள ஒருவகை எண்ணெய்ப் பொருளைக் கடதாசி வடி பிடித்துவிடும். நமது வீட்டில் மல்லியும் சுக்கும் போட்டுத் தூளோடு கொதிக்கவைக்கும் கோப்பியை நாளுக்கு ஐந்தாறு தரம் குடிப்பவர்கள் இருந்தால், ஒரு கடதாசி வடியில் வடித்துவிட்டுக் குடிக்கலாம். மணம் போகாது, நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இனி நம்மைப் பற்றி. பிரித்தானியாவில் 1980கள் முதல் வந்த ஆய்வுகள், தெற்காசியாவிலிருந்து குடியேறியோரின் மாரடைப்பு இறப்பு, நாட்டுச் சராசரியைவிட நாற்பது ஐம்பது சதவீதம் அதிகம் என்று காட்டின. 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் வெளியானது. நமது பகுதி மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்றையோருக்கு 59 அளவில். ஆறு வயது முந்தியே வருகிறது! ஏதோ நம் இரத்தத்தில் மட்டும் உள்ள இரகசியக் காரணத்தால் அல்ல. 2004இல் வெளியான முதன்மை ஆய்வின்படி உலகெங்கும் மாரடைப்பு ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கை விளக்கும் அதே ஒன்பது காரணங்கள்தான் நமக்கும்: புகைத்தல், கொழுப்பு, குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், மரக்கறி பழம் குறைவு, உடல் அசைவு குறைவு, மது தொடர்பானது. நமக்கு இவை இளவயதிலேயே வந்து சேர்கின்றன. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஒஸ்லோவில் நடந்த சுகாதார ஆய்வுகளில், இலங்கையிலிருந்து வந்தோரிடையே நீரிழிவு நோர்வேஜியரைவிட மிக அதிகமாக இருந்தது. நாம் மெலிந்தவர்களாகத் தெரிந்தாலும் கொழுப்பு வயிற்றில் சேர்வது இதில் பெரிய பங்கு வகிக்கிறது. அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்று, ஐரோப்பியரைவிடக் குறைந்த எல்லை வைத்திருக்கிறார்கள். தையல் நாடா எல்லா வீட்டிலும் இருக்கிறது. தொப்புள் மட்டத்தில், மூச்சை உள்ளிழுக்காமல் அளக்கவும்!

வட கரேலியாவுக்கு வெண்ணெய் எப்படியோ, நமக்குத் தேங்காய் அப்படி. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெய், ராப்ஸ் எண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிட்டால் அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது என்பது பரிசோதனைகளில் உறுதியான விடயம். "எங்கள் பாட்டா சாப்பிட்டுத் தொண்ணூறு வயது வரை இருந்தார்" என்பீர்கள். இருந்தவரைத்தான் நாம் பார்த்தோம், நாற்பதில் போனவரை மறந்துவிட்டோம். அதோடு, பாட்டியின் சொதி பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் பால். ஒரு தேங்காய் ஒரு குடும்பத்துக்கு. இங்கே ஒரு சட்டிக்கு ஒரு ரின் கெட்டிப்பால் கவிழ்க்கிறோம். தேங்காயை விடச்சொல்லவில்லை. பாதி ரின்னும் மீதி தண்ணீரும் விட்டுப் பாருங்கள். தாளிப்புக்கு நல்லெண்ணெய் நமக்குப் புதியதா என்ன? தேநீருக்கு ஹெல்மெல்க்குக்குப் பதிலாக லெத்மெல்க் விட்டால் ஒரு கிழமையில் நாக்குப் பழகிவிடும். கடையில் பச்சைச் சாவித்துவார அடையாளம் உள்ள பொருட்கள், அதே வகையில் கொழுப்பும் உப்பும் சீனியும் குறைந்தவை.

வீட்டைவிடக் கொண்டாட்டங்கள்தான் எனக்குக் கவலை. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலைவிழா என்று குளிர்காலம் தவிர்ந்த வார இறுதிகளில் ஓய்வே இல்லை. போனவுடன் ரோல்ஸ், பற்றிஸ், வடை. பிறகு ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு, கடைசியில் கேக். ஒரு பிளேட்டில் தேடினாலும் பச்சையாக ஒன்றும் இல்லை. மார்த்தா பெண்களைப்போல் சமைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர்! அடுத்த விழாவின் சமையல் குழு, ரோல்ஸைப் பொரிக்காமல் அவனில் வைத்து எடுக்கலாம், கடலைச் சுண்டலும் வல்லாரைச் சம்பலும் முதலில் பரிமாறலாம். யார் முதலில் காலி செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஆண்களும் பேச்சோடு நிற்காமல் வெங்காயமாவது உரிக்கலாம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் முப்பதிலேயே, குடும்ப வைத்தியரிடம் போய்க் குருதி அமுக்கம், கொலஸ்ட்ரோல், நீரிழிவுக்கான எச்பிஏ1சி ஆகிய மூன்றையும் பார்க்கும்படி கேளுங்கள். "எல்லாம் ஓகே" என்ற பதிலோடு வராமல், இலக்கங்களை எழுதி வாங்கி வாருங்கள். தந்த மாத்திரையை "நோர்மலாகிவிட்டது" என்று நீங்களாக நிறுத்தவேண்டாம். மாத்திரையால்தான் அது நோர்மலாக இருக்கிறது.

கடைசியாக, நம்மவர் உயிரைக் குடிக்கும் ஒரு சொல்: வாயுக்குத்து. நெஞ்சு இறுக்கி, வலி தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டும்போது ஓமத்தண்ணியும் சோடாவும் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுக்கிறோம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி தெளிவாக இல்லாமல் மூச்சுத் திணறல், குமட்டல், கடும் களைப்பு என்று மட்டும் வரக்கூடும். சில நிமிடங்களில் குறையாவிட்டால் 113ஐ அழையுங்கள். மச்சானைக் கூப்பிட்டுக் காரில் ஏறவேண்டாம், வழியில் இதயம் நின்றால் காரில் ஒன்றும் செய்யமுடியாது. அம்புலன்ஸில் வருபவர்கள் வீட்டு வாசலிலேயே இதயத் துடிப்பைப் பதிவெடுத்துப் பார்ப்பார்கள். நோர்வேஜிய மொழி தடுமாறினால் "பிறிஸ்த்ஸ்மெர்த்தெர்" என்ற ஒரு சொல்லும் விலாசமும் போதும். இரண்டையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தால், வீட்டில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கும் உதவும்.